ரசீலாபென்னின் வேர்ப்பொடி

“கையில என்னம்மா, பெப்பர்மின்ட்டா?”

வருங்கால மாமியார் ரசீலாபென் கேட்டதும் தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள் ஹேதல்.

“தலைவலி மாத்திரை, மம்மி. அடிக்கடி வரும்...”

“அடிக்கடியா!” டோக்ளாத் தட்டை ஓரமாகத் தள்ளினாள் ரசீலாபென். “தீரஜ்பாய், நீங்க மாத்திரையில மொத்த வியாபாரம் பண்றீங்க, சரி. பருத்திக்கொட்டை விக்கிறவன் வீட்டுல பருத்திக்கொட்டையா திங்கறாங்க?”

மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த தீரஜ்பாய், சாஸரில் ஊற்றிய டீயை ஊதி ஊதிக் குடித்தார். ராஜ்கோட் மார்க்கெட்டில் கல்லிலும் நார் உரிக்கிற வாய், இன்று திறக்கவே இல்லை. ஹேதலுக்கு அப்பாவின் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

“தலை வலிச்சா மாத்திரை, இடுப்பு வலிச்சா மாத்திரை! வயிறா அது, மருந்துக்கடையா? நாளைக்குக் கிட்னி போச்சுன்னா யாரு பாக்கறது, என் பையனா? வேண்டாம்பா, வேற இடம் பாருங்க.”

“மம்மி...” என்றான் மௌலிக்.

“நீ சும்மா இருடா.”

உடனே சும்மா இருந்தான். காதலித்தபோது சிங்கமாகத்தான் இருந்தான்.

“எனக்கு மட்டும் வலி இல்லையா? முட்டி ரெண்டும் மாடிப்படியைப் பார்த்தாலே அழுவும். வைத்தியரோட வேர்ப்பொடி, தேன்ல குழைச்சு மூணு வேளை. கிர்னார் மலை வேராக்கும்! மாத்திரைன்னு ஒண்ணு என் தொண்டையில இறங்கினதே இல்ல.”

ஹேதல் மாத்திரையைக் கைப்பைக்குள் போட்டாள். “எனக்கும் அதையே குடுங்க மம்மி. வலி போயிடுச்சுன்னா இனிமே மாத்திரையைத் தொடவே மாட்டேன். அப்புறம் நீங்களும் வேற இடம்னு பேசக் கூடாது.”

“பேரம் பேசத் தெரியுதே! சரி, வாயைத் திற.”

அரை மணி நேரம் எல்லோரும் வெயிலைப் பற்றியும் மாம்பழ விலையைப் பற்றியும் பேசினார்கள். தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது ஹேதலுக்கு.

“போயிடுச்சு மம்மி! நிஜமாவே போயிடுச்சு!”

ரசீலாபென்னுக்குத் தலைகால் புரியவில்லை. தானே ஓடிப்போய், நிச்சயமானால் கொடுக்கிற வெல்லமும் தனியாவும் கொண்டுவந்து எல்லோர் வாயிலும் போட்டாள். நிச்சயம் முடிந்தது.

காரில் ஏறியதும் ஹேதல் வெடித்தாள். “உங்க பொழைப்பே தண்டம்ப்பா! அந்த வேருக்கு முன்னாடி உங்க மாத்திரை எல்லாம் தூசு. அவங்க அவ்வளவு பேசினாங்களே, ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னீங்களா?”

“வாடிக்கைக்காரரைக் காட்டிக் கொடுக்கலாமா பேட்டா?”

“யாரு வாடிக்கைக்காரர்?”

“அந்த வைத்தியர்தான். உன் பையில இருக்கே, அதே மாத்திரை, மாசாமாசம் நம்ம குடோன்லேருந்து பெட்டி பெட்டியா எடுத்துட்டுப் போய் இடிச்சு மஞ்சப்பொடி கலக்கறாரு. நீயாவது வலிச்சாத்தான் போடறே. உன் மாமியார் வலிக்குதோ இல்லையோ, வேளை தவறாம!”