சிப் இல்லாத கார்டு

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு அச்சகமாம். அந்த அச்சகத்திலே ஒரே ஒரு கம்ப்யூட்டராம். தூசி தட்ட வந்த மெக்கானிக் அதன் மூடியைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், உள்ளே என்னமோ இருக்கு."

முதலாளி எட்டிப் பார்த்தார். "வைரஸா?"

"வைரஸுக்கு ஒயர் இருக்காது சார். ஸ்லாட்டுல ஒரு கார்டு சொருகியிருக்கு. ஆனா கார்டுன்னா சிப் இருக்கணும். இதுல ஒரு ஃப்யூஸ், ரெண்டு ஒயர், அவ்வளவுதான். ஸ்லாட்டுல வர்ற கரண்டை மட்டும் எடுத்து வெளியே அனுப்புது."

"வெளியேன்னா எங்கே?"

ஒயர் மெஷினின் முதுகு வழியாக இறங்கி, மேஜைக்கு அடியில் ஊர்ந்து, பழைய டெலிபோன் லைன் போன சுவர்க் குழாய்க்குள் நுழைந்திருந்தது. அப்புறம் எங்கே போச்சோ, குழாய்தான் சொல்லணும்.

முதலாளிக்குக் குப்பென்று வியர்த்தது. போன மாதம் ஒரு பிளக் புகைந்ததும், கம்ப்யூட்டர் லைனும் அச்சு மெஷின் லைனும் தவிர எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னவர் அவர். ஃபேன்கூடக் கிடையாது. தன் அறையிலும்தான்.

"யார் பண்ண வேலை இது?"

"நான்தான் சார்," என்றாள் டிசைன் போடும் பெண்.

"நீயா? சுத்தி ரீம் ரீமா காகிதம். ஒரு பொறி போதும், எல்லாரும் சாம்பல்! எதுக்கும்மா?"

அவள் மேஜையில் சிதறிக் கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"செல்போன் சார்ஜ் போடவா?"

"இல்ல சார்."

"பின்னே, வீட்டுக்கா இழுத்திருக்கே?"

"ரெண்டு பஸ் மாறி வர்றேன் சார். அவ்வளவு நீளத்துக்கு ஒயர் ஏது?"

மெக்கானிக் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க சார், வேலை சுத்தமா இருக்கு. பன்னெண்டு வோல்ட்தான், அதுவும் துளி. அளவு மீறினா இந்த ஃப்யூஸ் போகும், வேற ஒண்ணும் ஆகாது."

"நீ வேறய்யா! பாதுகாப்பா திருடினா திருட்டு இல்லையா?" முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "அஞ்சு வருஷமா சாவியே உன்கிட்டதான் இருக்கு. எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறேன்."

அவள் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சரி. நாளையிலிருந்து வராதே. யோவ், அதைப் பிடுங்கிப் போடு!"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னய்யா இது, தினமும் வர்ற ஜன்னல் காத்துகூட இன்னிக்கு நின்னுபோச்சு!"

மெக்கானிக் கையிலிருந்த கார்டைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். சாத்திய கதவைப் பார்த்தார்.

"தங்கச்சி... ஒயரோட அந்த முனை?"

"அவர் நாற்காலிக்குப் பின்னாடி, ஷெல்ஃபுல, ஃபைலுங்களுக்கு நடுவுல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பழைய கம்ப்யூட்டர்ல கழட்டின குட்டி ஃபேன் அண்ணே. ரூம் ஃபேனைப் பிடுங்கின வாரமே புழுக்கத்துல மயங்கி விழுந்தார். சொன்னா எடுத்து வீசிடுவார். 'உங்களுக்கில்லாத காத்து எனக்கெதுக்கு'ம்பார். நீங்க பேசாம திரும்ப மாட்டிடுங்க."

டிபன் டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மெக்கானிக் கார்டைப் பழைய இடத்திலேயே சொருகினார். மூடியைப் பூட்டி, மெஷினை ஆன் செய்தார்.

"ஆஹா!" உள்ளேயிருந்து முதலாளி கூவினார். "பாத்தியாய்யா? அவ வெளியே போனதும் காத்து உள்ளே வருது!"

மெக்கானிக் பையைத் தோளில் மாட்டினார். கதவை ஒரு சாண் திறந்தார்.

"சார், உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிற ஃபைலைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்க."

அதை மட்டும் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.