மூட்டுச் சுரங்கம்

டைட்டானியம் விலை புதிய உச்சத்தைத் தொட்டதும், பூங்காவில் கூடியிருந்த சுரங்கக் கம்பெனியின் பங்குதாரர்கள் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கைதட்டினார்கள். அவர்கள் முழங்காலில் பொருத்திய டைட்டானியம் மூட்டுகளையும் சுரங்கமாகத் தோண்டலாமா என்று கம்பெனி கேட்டபோது, பங்கு ஏறுமே என்று கைதூக்கியவர்கள் இவர்கள். செண்பகவல்லியும் தூக்கியிருந்தாள். மூட்டைக் கழற்றிக் கொடுத்தவர்களுக்கு நாற்காலி இலவசம்.

“அக்கா, உங்க மூட்டுதானுங்க பாக்கி. குடுத்தீங்கன்னா பங்கு இன்னும் ஏறுமுங்க” என்றார் முன்வரிசை நாற்காலியில் இருந்த ஞானசேகர்.

“கைதூக்குனது எம்புத்தி கெட்டுப்போயி. அதுக்குக் காலக் குடுக்கோணுமா? கம்பெனிக்காரன வரச்சொல்லு தம்பி. முடிஞ்சா புடிக்கட்டும்!”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எழுபது வயதில், அவர்களைச் சுற்றி ஓடத் தொடங்கினாள். ஏறிக்கொண்டிருந்த விலையை மறந்து, எல்லோரும் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.