சோளத்தின் மணி

தேசியப் பூங்காவின் மலைப் புல்வெளியில் விடிந்தபோது, கூடாரத்தருகே மேயவிட்டிருந்த மூன்று குதிரைகளையும் காணவில்லை. "சோளத்தோட மணி எங்கடி?" என்று பெனிட்டாவிடம் கேட்டான் அண்ணன் ஜெரோம். சோளம் மூத்த குதிரை. அதன் மணியோசையை விட்டு எந்தக் குதிரையும் விலகாது. கழுத்தில் உரசுகிறதே என்று பெனிட்டாதான் நேற்று மாலை கழற்றி வைத்திருந்தாள். "அப்ப இனி நீதான் சோளம்" என்றான் ஜெரோம். "கட்டிக்கிட்டு ஓடு. குதிரை இல்லாம ஊருக்குப் போக முடியாது." இதையாவது சரியாகச் செய்வோமா என்ற சந்தேகத்துடனே மணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் ஓடினாள். சற்று நேரத்தில் பின்னால் குளம்போசை கேட்டது. காதாலேயே எண்ணினாள், ஓசை மூன்று குதிரைகளோடு நிற்கவில்லை. பூங்காவின் காட்டுக் குதிரைகளும் மேலும் மேலும் சேர, புல்வெளியே அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுமோ என்று, மணி குலுங்கச் சிரித்தபடி இன்னும் வேகமாக ஓடினாள்.