ஒரு கிண்ணம் கஞ்சி

வேலாயுதம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். புற்றுநோய் முதுகெலும்புவரை போயிருந்தது. ஜெசிந்தா கஞ்சியை உதட்டருகே கொண்டுபோகும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போதும்மா, விட்டுடு. வலி தாங்கல."

அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் நாகப்பட்டினத்திலிருந்து மலேசியாவின் ஈப்போவுக்கு வந்திருந்தாள். வேலை பெர்மிட் அவர் பெயரில் எடுத்தது. காலையில் அவருடைய மகன் குமரேசன் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தான்: "அப்பா போயிட்டாருன்னா பெர்மிட்டும் முடிஞ்சிரும்க்கா. நீங்க ஊருக்குத்தான் திரும்பணும்." ஊரில் அவள் மகள் டயாலிசிஸில் இருந்தாள். இவள் அனுப்புவதில்தான் அந்த உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நோயாளியிடம் சொல்லக் கூடாது என்று அவள் அடக்கி வைத்திருந்தது வாயைவிட்டு வந்துவிட்டது.

"ஐயா, நீங்க போயிட்டா என்னைய அனுப்பிருவாங்க. எம்புள்ள செத்துரும்யா."

வேலாயுதம் திரும்பினார். அவளைப் பார்த்தார். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

அவள் ஊட்டினாள். ஒவ்வொரு வாயையும் முனகிக்கொண்டே விழுங்கினார். துப்பிவிட மாட்டாரா என்று அவளுக்கே இருந்தது. அவர் துப்பவில்லை. கிண்ணம் காலியானதும், கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இன்னும் எத்தன நாளைக்கும்மா?"