நொய்யல் கிளப்பின் சவாலான ஆண்டு

"அந்தச் சேரை எடுத்துட்டுக் குஷன் சேர் போடுப்பா, ஸ்பான்சரம்மா உக்காரணும்!" மைக் ஆன் ஆகியிருப்பது தெரியாமல் கத்தினார் பாலுசாமி. கணபதி பகுதியில் இருந்த அந்தக் கல்யாண மண்டபம் முழுக்க அது கேட்டது. நொய்யல் ஃபுட்பால் கிளப்பின் பங்குதாரர்கள் அத்தனை பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே வந்தவர் பெயர் சைத்ரா. பெங்களூரிலிருந்து போன் பண்ணி, "உங்க கிளப்போட ஒரு ஒப்பந்தம் பேசணும்" என்று மட்டும் சொல்லியிருந்தார். என்ன ஒப்பந்தம் என்று சேர்மன் பாலுசாமி கேட்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். பெங்களூரையும் ஒப்பந்தத்தையும் கூட்டிப் பார்த்தார், ஸ்பான்சர் என்று விடை வந்தது.

"மகளிர் அணி வந்திருக்காங்களா சார்?" இதுதான் சைத்ரா கேட்ட முதல் கேள்வி.

"அதா, கடைசி வரிசைல உக்காந்திருக்குதுங்க பாருங்க. அந்தச் செலவைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க மேடம். இன்னைக்கே முடிச்சுபோடறேன்."

சைத்ரா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சேர்மன் மேடையேறிவிட்டார்.

"பங்குதாரர்களே, இது நமக்குச் சவாலான ஆண்டுங்க."

ஆண்கள் அணி லீக்கில் கடைசி இடத்துக்கு வந்ததற்குத்தான் சவால் என்று பெயர். முதலில் மழையைத் திட்டினார். பிறகு மைதானத்துப் புல், நடுவர்கள், வெளியூரிலிருந்து வந்த கோச். ஜெர்சியின் பச்சை நிறம் வாஸ்துப்படி சரியில்லை என்று ஜோசியர் சொன்னதையும் விடவில்லை. மச்சான் மகனைக் கோல்கீப்பராகப் போட்டதை மட்டும் மறந்துபோனார்.

பங்குதாரர்களில் முக்கால்வாசிப் பேர் மில்காரர்கள், பம்ப்செட் கம்பெனிக்காரர்கள். ஒரு அணிக்கு எத்தனை பேர் என்று கேட்டால் பக்கத்துச் சேரைப் பார்ப்பவர்கள். பின்கட்டிலிருந்து பிரியாணி வாசம் வந்த பிறகு, சேர்மன் சொன்ன எல்லாவற்றுக்கும் இன்னும் வேகமாகத் தலையாட்டினார்கள்.

"அதுக்காகக் கையக் கட்டிட்டு உக்காரலீங்க. கடுமையா ஒரு முடிவு எடுத்திருக்கறோம். மகளிர் அணியைக் கலைச்சுபோடறோம்."

கடைசி வரிசையில் அன்புச்செல்வி எழுந்தாள். அணியின் கேப்டன். தொண்டாமுத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வந்துவிட்டு, அப்படியே துணிக்கடை வேலைக்குப் போகிறவள்.

"சார், இந்த வருசம் மாநிலக் கப்பு நாங்க ஜெயிச்சமுங்க."

"ஆமா கண்ணு, பேப்பர்ல பாத்தேன். சந்தோசம். ஆனா பொம்பளப் புள்ளைங்க ஆட்டத்தை ஆரு பாக்கறாங்க? ஓடியாடுனா ஒடம்புக்கு நல்லதுதான். அதை ஊட்டு வாசல்லயே செய்யலாமே."

மண்டபம் சிரித்தது.

"இன்னும் ஒரே ஒரு வருசம் குடுங்க சார். ஜெர்சி, பஸ்ஸு எல்லாம் நாங்களே பாத்துக்கறமுங்க." பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோட்டைமேட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் யூனுஸ் எழுந்தார். "ஏனுங் சேர்மன், அந்தப் புள்ளைங்க ஆட்டத்துக்கு நீங்க ஒருக்காவாச்சும் போயிருக்கீங்களா?"

"பாய், கேள்வியெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறமுங்க."

ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார் சேர்மன். யூனுஸ் கை மட்டும் மடியில் கிடந்தது. தீர்மானம் நிறைவேறியது.

சைத்ரா எழுந்தார். "சார், ஒரு சந்தேகம். அணியைக் கலைச்சாச்சுன்னா அந்தப் பொண்ணுங்களோட ஒப்பந்தம் என்ன ஆகும்?"

"இந்த நிமிசமே ரத்துங்க மேடம். பதினெட்டுப் பேரும் ஃப்ரீ. எந்த கிளப்புக்கு வேணும்னாலும் போகட்டும்." பாலுசாமி சபையைப் பார்த்துக் கண்ணடித்தார். "கூப்புடறதுக்கு ஆள் இருந்தா!"

மறுபடியும் சிரிப்பு.

"அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா நல்லது."

ஸ்பான்சர் இவ்வளவு கறாராக இருப்பது பாலுசாமிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. செயலாளரைக் கூப்பிட்டு மேடையிலேயே எழுத வைத்து, நீட்டி நெளித்துக் கையெழுத்துப் போட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

அன்புச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். மற்ற பெண்களும் அவள் பின்னால் தலையைக் குனிந்தபடி வாசலுக்கு நடந்தார்கள். சைத்ரா குஷன் சேரை விட்டு எழுந்து, வேக வேகமாகப் போய் அவர்களை மறித்து, ஏதோ தணிந்த குரலில் சொன்னார்.

அன்புச்செல்வி நம்பாமல் அவர் முகத்தையே பார்த்தாள். "நிஜமாவாங்க?" என்றாள். அடுத்த நொடி அந்தப் பெண்கள் போட்ட கூச்சலில், பந்தி வைக்கப் போனவர்கள்கூட வாளியோடு ஓடி வந்தார்கள்.

பாலுசாமி சால்வையை விரித்துப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். "ஆறுதல் சொன்னீங்களாக்கும்? உங்களுக்கு நல்ல மனசுங்க மேடம். சரி, நம்ம ஒப்பந்தத்தை எப்பப் பேசலாங்க?"

"பேச ஒண்ணும் இல்ல சார். எங்க பெங்களூர் டீமுக்கு இவங்களை விலைக்குக் கேக்க வந்தேன், நீங்க சும்மாவே குடுத்துட்டீங்க."