குன்னேய் போட்ட மூட்டம்

ஏழாவது சாணக் குவியலுக்கும் தீ வைத்துவிட்டு நிமிர்ந்தாள் குன்னேய். மாட்டுக்கு மூட்டம் போடுவது அவளுக்குப் புதிதல்ல. கோடை முழுக்கக் கொசுவை விரட்ட தினமும் செய்கிற வேலைதான்.

பக்கத்து வீட்டு அகுலினா வேலிக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டே நின்றாள்.

"ஏண்டி, மூணு மாட்டுக்கு ஏழு மூட்டமா?"

"உன் வீட்டுச் சாணத்தையும் கொண்டா, பத்தாக்கிடலாம்."

காற்றே இல்லாத, குளிர்ந்த அக்டோபர் காலைப் பொழுது. புகை மேலே எழும்பச் சோம்பல்பட்டு, புல்வெளியோடு படர்ந்து ஏரிப் பக்கம் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் குன்னேய்க்குத் தன் வீட்டு வாசற்படியே தெரியவில்லை. அதில் அவளுக்குப் பரம திருப்தி.

விஷயம் இதுதான். மேட்டிலிருக்கும் லார்ச் காடு செத்துவிட்டது என்று காட்ட, விமானத்திலிருந்து படம் பிடிக்க வந்திருக்கிறார்கள். வடக்கே வெயில் ஏறி ஏறிப் பல காடுகள் காய்ந்துபோனது உண்மை. காய்ந்த காட்டை வெட்ட அனுமதி உண்டு என்பதும் உண்மை. ஆனால் இந்தக் காடு காயவில்லை. லார்ச் ஊசியிலை மரம்தான் என்றாலும் குளிருக்கு முன்னால் இலை அத்தனையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். ஜூனில் பச்சைப்பசேல் என்று துளிர்த்துவிடும். அக்டோபரில் படமெடுத்தால் உயிருள்ள காடும் செத்த காடாகத்தான் தெரியும்.

இதை நேற்றே, மரம் வெட்டும் கம்பெனியின் ரோமன் பெத்ரோவிச்சிடம் அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார்.

"எனக்குத் தெரியும்மா. படத்துக்குத் தெரியாதே."

காடு போனால் அதன் அடியில் காலங்காலமாக உறைந்து கிடக்கும் மண் இளகிவிடும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் அப்படித்தான் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. குன்னேயின் வீடு காட்டுக்கு நேர் கீழே. நாளைக்குப் பனி கொட்டும் என்று ரேடியோ சொல்லிவிட்டது. பனி விழுந்தால் ஜூன் வரை யாரும் படமெடுக்க முடியாது. இன்று ஒரு நாளை ஓட்டிவிட்டால் போதும்.

தலைக்கு மேல் விமானம் இரண்டு சுற்று சுற்றியது. அதில் விமானிக்கு ஓர் இருக்கை, கேமராவுக்கு ஓர் இருக்கை, அவ்வளவுதான் இடம். கீழேயே தங்கிவிட்ட ரோமன் பெத்ரோவிச், கையில் வாக்கிடாக்கியோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு புகைக்குள்ளிருந்து வெளிப்பட்டார்.

"என்னம்மா இது?"

"கொசு, ரோமன் பெத்ரோவிச்."

"ஏரி ஓரத்துல ஐஸ் கட்டியிருக்கு. இப்ப ஏதும்மா கொசு?"

"ஊரெல்லாம் சூடாயிடுச்சுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க. காடே சாகற அளவுக்குச் சூடுன்னா, கொசுவுக்குக் கொண்டாட்டம்தானே?"

அகுலினா திரும்பிக்கொண்டு பலமாக இருமினாள். அது இருமல் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது.

"மரியாதையா அணைச்சிடு. இல்லேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. என் வாசல், என் மாடு, என் மாட்டுச் சாணம். இதுல எது குத்தம்னு அவங்களும் வந்து சொல்லட்டும். ஆத்தைத் தாண்டி வந்து சேரப் பொழுது சாஞ்சுடும், பரவாயில்லையா?"

பல்லைக் கடித்துக்கொண்டு அவர் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"மேலேர்ந்து என்ன தெரியுது?"

"புகை, ரோமன் பெத்ரோவிச்."

"காடு?"

"காடு எங்க இருக்குன்னே தெரியல."

"கொஞ்சம் கீழே இறங்கிப் பாரு."

விமானம் இன்னொரு சுற்று போனது. குன்னேய் ஓடிப்போய், இருந்த ஈரச் சாணத்தையெல்லாம் வாரி வாரி நெருப்பில் போட்டாள்.

வாக்கிடாக்கியில் மறுபடி விமானியின் குரல் வந்தது. "ஒண்ணும் நடக்காது. கேமராவை ஓட்டினா வெறும் சாம்பல் கலர்தான் வரும். எதுவும் தெரியலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன்."

சற்று நேரத்தில் விமானத்தை மரமில்லாத மேற்கு மேட்டில் இறக்கிவிட்டு விமானி நடந்து வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். முகத்தைப் பார்த்ததுமே குன்னேய்க்குத் தெரிந்துவிட்டது. வந்தவன் அவர்கள் ஜனம்தான், சாகா இனத்துப் பையன்.

அவன் நீட்டிய தாளைப் பிடுங்கிக்கொண்டு ரோமன் பெத்ரோவிச் காரில் ஏறினார்.

"ஜூன்ல பார்த்துக்கறேன்."

"கண்டிப்பா வாங்க. அப்ப நல்ல பச்சையா இருக்கும், அழகா படம் எடுத்துக்கலாம்," என்றாள் குன்னேய்.

ஏரிக்கரைப் பாதையில் கார் புகைக்குள் மறைந்தது. விமானி மட்டும் போகாமல் வேலியருகே நின்றான்.

அந்த ஊரில் வீட்டு வாசலுக்கு வந்தவனுக்கு டீ இல்லை என்று யாரும் சொன்னதில்லை. குன்னேய் சொன்னாள்.

"உனக்கு டீ கெடையாது. நம்ம ஜனத்துல பொறந்துட்டு, நம்ம காட்டை வெட்டக் கோடாலி எடுத்துக் குடுக்க வந்தவனுக்கு என் வீட்டுல ஒரு வாய் தண்ணிகூடக் கெடையாது. எங்க புகை உன்னை ஜெயிச்சிடுச்சு. கெளம்பு."

அவன் கோபப்படவில்லை. கார் போய்விட்டதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். அதுவரை ரஷ்ய மொழியில் பேசியவன், அவள் பாஷையில் மெல்லச் சொன்னான்.

"காட்டு மேல புகையே இல்லக்கா."