முதலெழுத்து இல்லாத நாற்பது

“நீங்கதான் செஞ்சுபோட்டீங்க அக்கா!”

“அட, நீதான் அம்மணி, மறைக்காதே!”

மௌனிகாவும் ராமாமணியும் ஒருவரையொருவர் பேசவிடவில்லை. நானூறு பிரெஞ்சு வணிக, புள்ளியியல் சொற்களைப் மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஆங்கிலத்தில் தந்தால்தான் அவர்களுடைய பீளமேட்டு மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு முதல் ஒப்பந்தம். மொழிபெயர்த்த சொல்லுக்கெதிரே அவரவர் தன் பெயரின் முதலெழுத்தைப் போடுவது வழக்கம். ஆளுக்கு நூற்றெண்பது. மீதி நாற்பதும் பிழையின்றி முடிந்திருந்தன, ஆனால் எதிரே யாருடைய எழுத்தும் இல்லை; அவற்றைச் செய்தது மற்றவள்தான் என்றார்கள் இருவரும்.

மௌனிகா பட்டியலை அனுப்பினாள். ஒப்பந்தம் உடனே உறுதியானது. இருவரும் துள்ளிக் குதித்தார்கள்.

டீ கொண்டுவந்த சின்னாத்தாள் மூன்று டம்ளர் வைத்தாள்.

“நாங்க ரெண்டு பேருதானுங்களே?” என்றாள் மௌனிகா.

“சர்க்கரை இல்லாதது, காலையிலிருந்து உங்க நடுவுல உட்கார்ந்து டைப் அடிக்கிற அம்மணிக்குங்க. பாருங்க, அவங்களுக்கும் எத்தனை சந்தோசம்!”